மாவு குடோனில் வெறுங்கால்

இன்னும் ஒருத்தரும் ஆடல. கல்யாண மண்டபத்துல அடுத்த பந்திக்குக் காத்திருக்கற மாதிரி சுவத்தோரமா வரிசையா நிக்கறாங்க, கையைக் கட்டிக்கிட்டு, போனைத் தடவிக்கிட்டு, நடுவுல அவ்வளவு பெரிய தரை சும்மா கிடக்கு. தரைக்கு அந்தப் பக்கம் ரெண்டாள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கியிருக்கு, ஸ்பீக்கருக்கு நடுவுல ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னாடி என் கொழுந்தன் இளமாறன், எங்க இளா, ஹெட்போனை ஒரு காதுல மட்டும் வெச்சுக்கிட்டு குனிஞ்ச தலை நிமிராம பாட்டைக் கலந்து விடற அந்த மிஷினையே பாத்துட்டு நிக்கறான், பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காபி குடுக்க வந்தவளாட்டம். நிமிர்டா. கொஞ்சம் நிமிந்து பாரேன். வேணாம் வேணாம், நிமிராத, இப்ப நிமிந்தா வெறும் தரைதான் தெரியும். டம்முனு ஒண்ணு வந்து வயித்துல இடிக்குது. காதுல பஞ்சு வெச்சிருக்கேன், அவன்தான் வெக்கச் சொன்னான், ஆனா இது காது வழியா வர்ற சமாச்சாரமே இல்ல, பாதத்துல ஏறி முழங்கால்ல கொஞ்சம் நின்னு யோசிச்சு அப்புறம் வயித்துக்குள்ள போயி உக்காந்துக்குது. கழுத்துச் செயின் சட்டைக்குள்ள தனியா ஆடிட்டிருக்கு. நான் ஆடல, செயின் ஆடுது. வெளிய பட்டப்பகல், ஞாயித்துக்கிழமை மத்தியானம், அம்பத்தூர் எஸ்டேட்ல எல்லாக் கம்பெனியும் பூட்டிக் கிடக்கு, ராத்திரின்னா போலீஸ் விடமாட்டாங்கன்னு இந்தப் பிள்ளைங்க பகல்லயே ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால மூடி உள்ளுக்குள்ள இருட்டாக்கி ரெண்டு மூணு கலர் லைட்டை மட்டும் எரிய விட்டிருக்காங்க. இங்க முன்னாடி மைதா மூட்டை அடுக்கி வெச்சிருந்தாங்களாம். காலி பண்ணி ரொம்ப நாளாகியும் மாவு வாசனை போகல. எனக்குப் பசிக்கற மாதிரி இருக்கு, பயத்துல எனக்கு எப்பவும் பசிக்கும்.

பயம் எனக்கு எதுக்கு, வாசிக்கறது அவன். இல்ல, எனக்குத்தான். வியாழக்கிழமை சாப்பிடும்போது தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னான், "அண்ணி, இந்த ஞாயித்துக்கிழமைதான் கடைசி. எனக்கு அரை மணி நேரம் குடுத்திருக்காங்க, முதல் ஆளா. அந்த நேரத்துல யாராவது ஆடினா பாத்துக்கலாம். இல்லேன்னா மிஷினை யாருக்காவது குடுத்துட்டு திங்கக்கிழமை ஓசூர் பஸ் ஏறிடறேன்." ஓசூர்ல அவங்கண்ணனோட சிநேகிதர் கம்பெனில ஸ்டோர்ஸ்ல வேலை சொல்லி வெச்சிருக்கு. அவங்கண்ணன்னா என் வீட்டுக்காரர் நெடுமாறன், கெட்டவரில்ல, தம்பி நாளைக்கு நடுத்தெருவுல நிக்கக்கூடாதேங்கற கவலை அவருக்கு, அந்தக் கவலையை எப்பவும் கத்தித்தான் சொல்லுவார், அதான் கோளாறு. ஓசூர் போனா என்ன, குடியா முழுகிடும், எத்தனையோ பேர் போறாங்க. ஆனா அவன் அதைச் சொன்ன விதம் இருக்கே, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, வாயில வெக்காம, பிசைஞ்சது பிசைஞ்சபடி. போன தடவையும் அதுக்கு முந்தியும் இவனை முதல் ஆளாத்தான் வாசிக்க விட்டாங்க, ரெண்டு தடவையும் காலித் தரைக்கு வாசிச்சுட்டு வந்து ரூம்ல படுத்துட்டான். முதல்ல யாரும் ஆடமாட்டாங்க அண்ணி, அதுதான் வழக்கம், யாராவது முதல்ல இறங்கினாத்தான் மத்தவங்க வருவாங்கன்னான். அப்ப நான் வரேண்டா, நான் இறங்கறேன்னேன். நாக்கு என் பேச்சை எப்ப கேட்டுது. அவன் சிரிச்சான் பாருங்க, ஒரு மாசத்துல முதல் சிரிப்பு, சிரிச்சுட்டு, "நீங்களா? நீங்க கும்மியே ஒழுங்கா அடிக்கமாட்டீங்க"ன்னான். கொழுப்பு. நான் கல்யாணமாகி வந்தப்ப ரெண்டாங்கிளாஸ் படிச்சுட்டிருந்தான், கிரைண்டர்ல மாவு ஓடும்போது வயித்தை அது மேல சாய்ச்சு கண்ணை மூடிக்கிட்டு நிப்பான், தள்ளி நில்லுடான்னா, "அண்ணி, உள்ள கேக்குது"ம்பான். என்ன கேக்குதுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல, உளுந்து பொங்கிடுமோங்கற கவலை எனக்கு.

சரி, ஆடறேன்னு சொல்லியாச்சு, என்னத்தைக் கட்டிக்கிட்டுப் போறது. பட்டு செக்‌ஷன்ல நிக்கறவளுக்கு, ஒரு பொம்பளை எங்க ஜவுளிக்கடைப் படியேறி வரும்போதே இவளுக்கு மயில்கழுத்தா அரக்கான்னு சொல்லிடறவளுக்கு, தனக்குன்னு வந்தப்ப ஒண்ணும் தோணல. இளா சொல்றான், "கறுப்பு போடுங்க அண்ணி, லூசா இருக்கணும், வேர்த்தா ஒட்டக்கூடாது, பாக்கெட் வேணும், போன் வீட்டுச்சாவியெல்லாம் அதுலதான், ஹேண்ட்பேக் தூக்கிட்டு வந்துடாதீங்க, துப்பட்டா கூடவே கூடாது, கால்ல ஷூ, செருப்புன்னா மிதிச்சுடுவாங்க." ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல என் பீரோ ஒவ்வொண்ணா கையை விரிக்குது. கறுப்புல என்கிட்ட ஒரே ஒரு புடவை, அதுலயும் ஜரிகை. ஜரிகை போட்டுக்கிட்டு ஸ்பீக்கர் முன்னாடி நின்னா நல்லாவா இருக்கும். கடைசில பரண்ல கைவிட்டேன். மாமனாரோட டிரங்குப் பெட்டி. மனுஷன் கறுப்புச் சட்டைக்காரர், ஆயுசு பூரா அதைத் தவிர வேற கலர் தொட்டதில்ல, எங்க கல்யாணத்துக்கே கறுப்புச் சட்டையோட வந்து நின்னதுக்கு எங்கம்மா மண்டபத்துலயே அழுதா. பெட்டியைத் திறந்தா அந்துருண்டை வாசனையோட மடிச்சது மடிச்சபடி இருக்கு, காட்டன், தொளதொளன்னு, முன்னாடி ரெண்டு பாக்கெட். போட்டுக் கண்ணாடியில பாத்தேன். முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டேன். கீழ சல்வாரோட கறுப்புப் பேன்ட். ஐயோ சாமி, நல்லாத்தான் இருக்கேன்னு நினைச்சேன், உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், இந்தச் சட்டைக்குள்ள நின்னுக்கிட்டு சாமியைக் கூப்பிட்டா மனுஷன் எழுந்து வந்துடுவார். அவரும் தெருமுனையில மைக்கைப் பிடிச்சா எதிர்ல ரெண்டு நாய் படுத்திருந்தாலும் பேசுவார், ஆள் இல்லையேன்னு ஒருநாளும் மூஞ்சியைத் தொங்கப் போட்டதில்ல. பெரிய பிள்ளைக்கு அவர் கத்தல் வந்துடுச்சு, சின்னப் பிள்ளைக்கு மைக் ஆசை வந்துடுச்சு, அந்தத் தெனாவெட்டு மட்டும் யாருக்கும் வரல. இந்தா, இந்தப் பொண்ணுங்க என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க. ஒருத்தி போட்டிருக்கறது கறுப்பு வலை பனியன், இன்னொருத்தி அவங்கப்பா லுங்கியைக் கிழிச்சுப் பாவாடையாக்கின மாதிரி ஒண்ணு, இன்னொருத்தன் ராணுவத்துக்காரன் மாதிரி ஏழெட்டு பாக்கெட் வெச்ச பேன்ட், அதுல என்னத்தைத்தான் வெப்பானோ. லுங்கிக்காரி என்கிட்ட குனிஞ்சு காதுல கத்தறா, "ஆன்ட்டி, உங்க ஷர்ட் சூப்பர், எங்க வாங்கினீங்க?" மாமனாருதுன்னேன். "வாவ்"னா. அவர் உயிரோட இருந்து இதைக் கேட்டிருக்கணும்.

ஆட்டமும் சொல்லிக் குடுத்தான், அடுக்களையில, வெள்ளிக்கிழமை ராத்திரி சாம்பார் கொதிக்கும்போது. "கையைத் தூக்காதீங்க அண்ணி, இது சினிமா ஆட்டம் இல்ல, யாரும் உங்களைப் பாக்கப் போறதில்ல, எல்லாரும் ஸ்பீக்கரைப் பாத்துத்தான் நிப்பாங்க." ஜோடி இல்லியா? இல்ல. ஸ்டெப் இல்லியா? இல்ல. அப்ப என்னதான்டா இருக்கு? முழங்காலைத் தளர விடுங்க, அவ்வளவுதான்னான். "மேல டகடகன்னு ஓடும், அது பின்னாடி நீங்க ஓடக்கூடாது, ஓடினா மூச்சு வாங்கிடும். அடியில மெதுவா ஒண்ணு வரும் பாருங்க, அது கூட நடங்க. தோளைத் தொங்க விடுங்க. தலை தானா ஆடும்." அப்புறம் ஒரு இடத்துல எல்லாத்தையும் நிறுத்திடுவானாம், ஒரு மூச்சு விடற நேரத்துக்கு ஒண்ணுமே இருக்காதாம், அப்புறம் மொத்தமா விழுமாம், அதுக்குப் பேர் டிராப்பாம், அப்ப நானும் மொத்தமா விழணுமாம். கீழயாடான்னேன். "கீழ இல்ல அண்ணி, உள்ள." இதைச் சொல்லும்போது அவன் மூஞ்சியைப் பாக்கணுமே, புதுசா குழந்தை பொறந்தவன் மாதிரி. நானும் கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு முழங்காலைத் தளர விட்டு ஆடிப் பாத்தேன், என் வீட்டுக்காரர் தண்ணி குடிக்க வந்தவர் எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, கால் வலியான்னு கேட்டுட்டுப் போயிட்டார். சிரிச்சு சிரிச்சு சாம்பார் அடிப்பிடிச்சது. இன்னிக்குக் கடைக்கு லீவு போட்டதுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடி நடக்குது, ஞாயித்துக்கிழமை, மாடிப்படியில நிக்க இடமிருக்காது, நான் வயித்து வலின்னு போன் பண்ணிட்டு இங்க நிக்கறேன். சொன்னதும் பொய்யில்ல, டம்மு டம்முனு வயித்துலதான் இடிக்குது.

இதோ, நிறுத்திட்டான். இதுதான் அது. ஒரு மூச்சு. வருது, வருது, அம்மாடி! விழுந்துடுச்சு, சுவரே முதுகைத் தள்ளுது, என் தொடைச் சதை தனியா நடுங்குது, தலைக்கு மேல தகரக் கூரை கடகடங்குது. ஆனா தரை காலி. சுவத்தோரமா தலைங்க மட்டும் ஆடுது, கழுத்துக்குக் கீழ எல்லாம் ஆணி அடிச்சு வெச்ச மாதிரி. ஏன்? பிடிக்கலன்னா தலை ஆடாதே. பிடிச்சிருக்கு. இடுப்புகூட அசையுது, அந்த ராணுவப் பேன்ட்காரன் உதட்டைக் கடிச்சுக்கிட்டு துடிக்கறான், ஆனா கால் மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. கால். எல்லார் காலையும் பாக்கறேன். அன்னாசிப்பழம் போட்ட சாக்ஸ். ரெண்டு காலுக்கும் ரெண்டு கலர் சாக்ஸ். அந்தப் பையன் ஏன் கால் மேல கால் வெச்சிருக்கான்னா சாக்ஸ்ல ஓட்டை, கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது, அதை மறைக்கறான். அட, பரவாயில்லையே இந்தக் காலத்துப் பிள்ளைங்க, செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்திருக்குதுங்களே, நல்ல வளர்ப்புதான்னு ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்பதான் இந்த பார்ட்டியை நடத்தற ஷெரின், பச்சைத் தலைமுடியும் கழுத்துல டார்ச்சுமா அந்தப் பொண்ணு, வரிசையா ஒவ்வொருத்தர்கிட்டயும் குனிஞ்சு என்னமோ கேட்டுக்கிட்டே வர்றா, என்கிட்டயும் வந்து பஞ்சுக்குள்ள வாயை வெச்சுக் கத்தறா, "அக்கா, ஷூவைக் கழட்டச் சொன்னது யாரு? நாங்க அப்படி எதுவும் சொல்லலியே!"

யாரும் சொல்லல. நான்தான். இளா மிஷினோட பின்பக்க ஷட்டர் வழியாப் போயிட்டான், நான் முன்பக்கமா வந்தேன், வாசல்ல யாருமே இல்ல, நான்தான் முதல் ஆள், குனிஞ்சேன், புது ஷூ, பாண்டி பஜார்ல இதுக்குன்னே வாங்கினது, முடிச்சை அவிழ்த்தேன், சாக்ஸைச் சுருட்டி உள்ள வெச்சேன், ரெண்டையும் ஜோடியா சுவத்தோரம் தள்ளினேன், வெறுங்காலோட உள்ள வந்தேன். யோசிச்சா செஞ்சேன்? வாசப்படியைப் பாத்தா கால் தானா கழட்டிடும். வீடுன்னாலும் டாக்டர் ரூம்னாலும் கடையில எங்க செக்‌ஷன் ஜமக்காளம்னாலும். மாமனார் சாமி இல்லன்னு ஊர் பூரா பேசினவர், செருப்போட வீட்டுக்குள்ள வந்தவனை மட்டும் மன்னிச்சதில்ல. எனக்கு அடுத்து வந்தவன் என் ஷூவைப் பாத்திருக்கான், சரி இங்க கழட்டணும்போலன்னு கழட்டியிருக்கான், அவனுக்கு அடுத்தவ ரெண்டு ஜோடியைப் பாத்திருக்கா, அப்புறம் கேக்கணுமா, எல்லாரும் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே, அவங்கவங்க வீட்லயும் ஒரு அம்மா வாசல்ல நின்னு கத்தி வளத்திருப்பா. இப்ப எட்டிப் பாத்தா வாசல்ல ஒரு மலை. முட்டி வரைக்கும் வர்ற பூட்ஸ், அடியில நாலு விரல் கனத்துக்கு ரப்பர் வெச்சது, எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. எல்லாரும் போய் எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானேன்னேன். "இப்ப சொன்னா வாசல்ல அடிதடியாயிடும் அக்கா, எது யாருதுன்னு தேடவே அரை மணி ஆகும். இந்த செட் முடியட்டும், அப்புறம் அனவுன்ஸ் பண்ணிக்கலாம்." இந்த செட் முடியட்டுமாம். இந்த அரை மணி செட்தான்டி அவனுக்கு இருக்கறதே. லுங்கிப் பாவாடைக்காரி, ரெஹானான்னு பேர் சொன்னா, அவளும் சேந்துக்கிட்டா, "ஆன்ட்டி, நான் இன்னிக்கு மொத்த டிரெஸ்ஸும் பூட்ஸுக்குத்தான் மேட்ச் பண்ணேன், இந்த சாக்ஸோட போனா வழுக்கும், எல்லாரும் காலைத்தான் பாப்பாங்க." கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. ரெண்டு தடவை காலித் தரைக்கு வாசிச்சான், அதுக்கு யாரோ காரணம். இந்தத் தடவைக்கு நான். அவனுக்காக வயித்து வலின்னு பொய் சொல்லி, பரண் ஏறி, சாம்பாரை அடிப்பிடிக்க விட்டு, கடைசில என் பாழாப்போன காலால அவனை ஓசூருக்கு அனுப்பப் போறேன்.

அழுதா ஆச்சா. இறங்குடி. இறங்கறேன்னு சொன்னவ நீ. இறங்கறேன், ஆனா இந்தச் சுவர் ரொம்பச் சௌகரியமா இருக்கே, முதுகுக்கு அண்டையா. ஒரு அடி வெச்சேன். இன்னொண்ணு. என்ன தூரம் இது, வாசல்லேருந்து பாத்தப்ப சின்னதாத்தானே தெரிஞ்சது. எல்லாரும் பாக்கறாங்க, யாரும் பாக்கமாட்டாங்கன்னான் படவா, அத்தனை பேரும் பாக்கறாங்க, அதுவும் என் காலை, பித்தவெடிப்பு, வருஷம் பூரா ஜமக்காளத்துல நின்னு நின்னு வெடிச்ச குதிகால். பாருங்க. நல்லாப் பாத்துக்குங்க. நாப்பது வயசுப் பொம்பளை மாமனார் சட்டையைப் போட்டுக்கிட்டு மைதா குடோன் நடுவுல நிக்கறா. கையை எங்க வெக்கறது? கை தேவையில்லன்னான், ஆனா இருக்கே, தொங்குதே. பாக்கெட்ல விட்டேன். முழங்காலைத் தளர விடு. தளரல. அது பாட்டுக்கு நேரா நிக்குது, ஃபுளோர் மேனேஜர் ரவுண்டு வர்ற மாதிரி. மேல டகடகன்னு ஓடுது, அது பின்னாடி ஓடாத, சசிரேகா, ஓடாத, அடியில வர்றது எங்க, எங்கடா அது, காதுல தேடறேன், இல்ல. காதுல தேடினா எப்படி. காலைப் பாத்தேன். தரை ஜில்லுன்னு இருக்கு, அந்த ஜில்லுக்குள்ள ஒண்ணு வந்து வந்து போகுது, பாதத்துக்கு அடியில யாரோ மெதுவாத் தட்டிக் கூப்பிடற மாதிரி. இது ஷூ போட்டிருந்தாத் தெரியாது. நிச்சயமாத் தெரியாது. குதிகாலை ஊன்றினேன், தட்டுச்சு, எடுத்தேன், போச்சு, மறுபடி ஊன்றினேன், சரியா அப்ப தட்டுச்சு. அட. இதுதானா. இவ்வளவுதானா. முழங்கால் எப்ப தளந்துதுன்னே தெரியல, தோள் இறங்கிடுச்சு, தலை தானா ஆடுது, அவன் சொன்னது நிஜம், தானா ஆடுது. இதைத்தான் அந்தப் பையன் கிரைண்டர்ல கேட்டான். உள்ள கேக்குது, உள்ள கேக்குதுன்னானே, நான் உளுந்தைப் பாத்துட்டு நின்னேனே.

சிரிப்பு வருது. யாரும் இல்லாத தரையில தனியா சிரிச்சுக்கிட்டு ஆடறேன், பாக்கறவங்க முத்திடுச்சுன்னு நினைப்பாங்க, நினைக்கட்டும். மறுபடி நிறுத்தறான். ஒரு மூச்சு. இந்தத் தடவை நான் தயார், வாடா, வா, விழு. விழுந்துச்சு. நானும் விழுந்தேன், கீழ இல்ல, உள்ள. கூரை கடகடன்னு ஆட, உத்தரத்துல எத்தனை நாளா ஒட்டிக் கிடந்த மாவோ, பொலபொலன்னு கொட்டுது, என் கறுப்புச் சட்டை மேல, தலை மேல, மூக்கு மேல. தும்மினேன். தும்மிட்டுத் திரும்பினா பக்கத்துல ரெஹானா. சாக்ஸ் இல்ல. சாக்ஸைச் சுருட்டி இடுப்புல சொருகிட்டு வெறுங்காலோட நிக்கறா, மூக்குல மாவு, என் காலைப் பாத்துட்டே அதே மாதிரி குதிகாலை ஊன்றிப் பாக்கறா, ஊன்றினவ மூஞ்சி மாறுது, ஆன்னு வாயைத் திறக்கறா, எனக்குத் தெரியும்டி, எனக்கும் இப்பதான் தெரிஞ்சது. அவ திரும்பி சுவத்தைப் பாத்து காலைத் தூக்கி விரலை ஆட்டிக் காட்டறா. ஓட்டை சாக்ஸ்காரன் பிடுங்கி எறிஞ்சுட்டு ஓடி வர்றான், கட்டைவிரல் விடுதலையாகி வருது. ராணுவப் பேன்ட்காரனுக்கு அத்தனை பாக்கெட் எதுக்குன்னு இப்ப தெரிஞ்சு போச்சு, சிநேகிதங்க சாக்ஸையெல்லாம் வாங்கி உள்ள திணிக்கறான். வலை பனியன் வருது, அன்னாசிப்பழம் வருது, சுவர் உரிஞ்சு உரிஞ்சு வருது, ஷெரினே பூட்ஸைக் கழட்டி ஸ்பீக்கர் ஓரமா வெச்சுட்டு இறங்கறா. யாரும் யாரையும் பாக்கல, எல்லாரும் ஸ்பீக்கரைப் பாத்து ஒரே பக்கமா நிக்கறோம், என் முழங்கை எவன் மேலயோ இடிக்குது, சாரிப்பான்னா கேக்கல, அவன் தண்ணி பாட்டிலை நீட்டறான். கறுப்பு உடுப்பெல்லாம் மாவாயி, எண்ணெயில போடறதுக்கு முன்னாடி பலகாரத்தை உருட்டி வெச்ச மாதிரி இருக்கோம் அத்தனை பேரும். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா. எங்கே வலிக்குதுன்னே தெரியாத சந்தோஷம். கடையில பத்து மணி நேரம் நிக்கற காலா இது, இது என் காலா, இத்தனை நாளா இது எனக்குச் சொல்லவேயில்லையே.

ஆனா அவன் நிமிரல. ஆட ஆட அவனையேதான் பாக்கறேன், நிமிரவேயில்ல. போன ரெண்டு தடவை நிமிந்து பாத்து பட்டது போதும்னு இந்தத் தடவை பாக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டான் போலிருக்கு. டேய்! இளா! தொண்டை கிழியக் கத்தறேன், என் குரல் எனக்கே கேக்கல. கையை ஆட்டறேன், கை தேவையில்லன்னு சொன்னவனே, இப்ப தேவைப்படுதுடா. முன்னாடி போகலாம்னா வழி எங்க இருக்கு, வழியெல்லாம் ஆளு, பாத்தீங்களா கொடுமையை, ஆள் வரணும் ஆள் வரணும்னு தவம் கிடந்தேன், இப்ப ஆள் மறிச்சுக்கிட்டு நிக்குது. அவனுக்கு அடுத்து வாசிக்க வேண்டிய தாடிக்காரன் பின்னாடி வந்து நிக்கறான், தோளைத் தொடறான், முடிச்சுக்கோங்கற மாதிரி. இளா தலையாட்டறான், குனிஞ்ச தலையையே ஆட்டறான். ஒவ்வொண்ணா இறக்கறான், டகடகன்னு ஓடினது நின்னுடுச்சு, அடியில வந்தது மெலிஞ்சு மெலிஞ்சு போயிடுச்சு. முடிஞ்சு போச்சு. ஹெட்போனைக் கழட்டி வயரைக் கையில சுத்தறான், பத்திரமா, ஒழுங்கா, அடுத்தவனுக்குக் குடுக்கறதுக்கு சுத்தற மாதிரி. பாக்காமயே போகப் போறான். பாக்காமயே ஓசூர் பஸ் ஏறப் போறான், அண்ணி, யாரும் ஆடலன்னு எனக்கே சொல்லுவான். நான் நிக்கல. நிக்க முடியல, குதிகால் அது பாட்டுக்கு ஊன்றுது, பக்கத்துல ரெஹானா காலும் நிக்கல, அவளுக்குப் பக்கத்துலயும் நிக்கல. டம். டம். ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல, மிஷின்ல ஒண்ணும் இல்ல, அந்த குடோன்ல இருந்த அத்தனை வெறுங்காலும் சிமெண்ட் தரையில அவன் விட்ட இடத்துலேருந்து, அதே வேகத்துல, மெதுவா, மொத்தமா, டம், டம். வயர் சுத்தின கை பாதியில நின்னுடுச்சு. மிஷினைப் பாத்தான், எதையாவது அணைக்க மறந்துட்டமோங்கற மாதிரி. ஸ்பீக்கரைப் பாத்தான். அப்புறம் நிமிந்தான்.

என்னைப் பாக்கல. நான் ரெஹானாவுக்கும் அந்தத் தண்ணி பாட்டில்காரனுக்கும் நடுவுல மாவு பூசிக்கிட்டு நிக்கறேன், என்னை எப்படித் தெரியும், தெரியவும் வேணாம். மொத்தமாப் பாத்தான், இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும், வாயைத் திறந்துக்கிட்டு, அப்புறம் அவன் கண்ணு கீழ இறங்குச்சு, எல்லார் காலுக்கும். மைக்கை எடுத்தான். "ஏங்க," மைக்கை ஒரு தரம் தட்டிப் பாக்கறான், "ஏங்க எல்லாரும் வெறுங்காலோட இருக்கீங்க?" குடோனே சிரிச்சது, சிரிச்சுட்டே மிதிச்சது. தாடிக்காரன் பின்னாடி ஒதுங்கிட்டான், ஒத்தைக் கால்ல நின்னு தன் பூட்ஸைக் கழட்டிக்கிட்டே, இன்னும் ஒண்ணு போடுன்னு ஒரு விரலைக் காட்டறான். இளா சுத்தின வயரைப் பிரிச்சான். கை தானா மிஷின் மேல போச்சு, தடவி, எதையோ திருகி, எதையோ ஏத்தி. கண்ணு மட்டும் எங்க மேலயே இருந்துச்சு, அடுத்ததை அவன் குனியாமயே போட்டான்.